மறுமுனையில் ஓர் ஆசிரியர்

வளரும் நாடுகளில் கைப்பேசிவழிக் கல்வி என்று பேச்செடுத்தாலே செயலியும் காணொளியும் இணைய வேகமுமே முன்னுக்கு வருகின்றன. ஆனால் இத்துறையில் இதுவரை கிடைத்துள்ள வலுவான சான்றுகளுள் ஒன்று, பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியே போதுமானதாக இருந்த, இணையமே தேவைப்படாத ஒரு முயற்சியிலிருந்து வந்திருக்கிறது. போட்ஸ்வானாவில், 2020இல் கொரோனா காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, யங் லவ் என்னும் தொண்டு நிறுவனமும் அதனோடு இணைந்த ஆய்வாளர்களும் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் உள்ள சுமார் 4,500 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு வாரந்தோறும் சில கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் சென்றன. இன்னொரு பிரிவுக்குக் குறுஞ்செய்தியோடு, பயிற்றுநர் ஒருவர் வாரம் ஒருமுறை 15 முதல் 20 நிமிடம் வரை பேசும் அழைப்பும் சென்றது. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் செல்லவில்லை. குலுக்கிப் பிரிப்பதால் மூன்று பிரிவினரும் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருப்பர் என்பதும், பின்னர் தோன்றும் வேறுபாட்டை முயற்சியின் பயனாகவே கொள்ளலாம் என்பதும் இம்முறையின் அடிப்படை.

2022இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வெளியான முடிவுகளின்படி, குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் சொல்லத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. அழைப்பும் சேர்ந்த பிரிவில் கற்றல் 0.12 திட்ட விலக்கம் உயர்ந்திருந்தது. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவே திட்ட விலக்கம் எனப்படுகிறது.

இந்த வேறுபாட்டின் காரணத்தை ஒரு சிறு கழித்தலில் காணலாம். 52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளை 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்றும், 5இலிருந்து 1ஐக் கழித்து 4 என்றும் கொண்டு, 45 என்று தயங்காமல் விடை சொல்லும். குறுஞ்செய்திக்கு அந்த 45 காதில் விழாது. அது அடுத்த வாரம் பெருக்கலுக்குப் போய்விடும். அழைப்பில் இருப்பவரோ விடை வந்த வழியைக் கேட்டு, பிழை இடமதிப்பில் இருக்கிறது என்று கண்டுகொண்டு, பத்துகளும் ஒன்றுகளும் என்ற பழைய பாடத்துக்கே பிள்ளையைத் திருப்பி அழைத்துச் செல்ல முடியும். வயதையோ வகுப்பையோ பாராமல் பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவது என்னும் இந்தக் கோட்பாடு இந்தியாவின் பிரதம் அமைப்பு வளர்த்தெடுத்தது. யங் லவ் அதைப் பள்ளிகளிலேயே முன்பு கையாண்டு வந்ததால், தொலைபேசிக்கு அதை மாற்றுவது அவர்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. கைப்பேசி பெரும்பாலும் பெற்றோருடையது என்பதால் பாடம் அவர்கள் காதிலும் விழுந்தது. தம் பிள்ளைக்கு எவ்வளவு கணக்குத் தெரியும் என்ற அவர்களது மதிப்பீடும் உண்மைக்கு நெருங்கி வந்தது.

பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் 16,000க்கு மேற்பட்ட மாணவர்களிடம் இதே முறை சோதிக்கப்பட்டபோது, அழைப்பின் பயன் சராசரியாக 0.3 திட்ட விலக்கத்தைத் தாண்டியது. ஆனால் சியெரா லியோனில், வானொலிப் பாடங்களுக்குத் துணையாக ஆசிரியர்கள் வாரந்தோறும் பேசிய இன்னொரு சோதனையில் மதிப்பெண் உயரவே இல்லை. ஆகவே மணி அடித்தாலே கணக்கு வந்துவிடும் என்று எவரும் கருத வேண்டியதில்லை.

ஐந்து நாட்டுச் சோதனையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் தொண்டு நிறுவனப் பயிற்றுநர்களுக்கு இணையான பயனைத் தந்தனர் என்பதால், இதைக் கல்வித்துறைகளே ஏற்று நடத்தலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு 20 நிமிடம் என்று கணக்கிட்டாலும் ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் 13 மணி நேரத்துக்கு மேல் இதற்கே செலவாகும். அந்த நேரத்தைப் பள்ளி வேலையில் எதைக் குறைத்து ஒதுக்குவது, அழைப்புக் கட்டணத்தை யார் ஏற்பது என்பவற்றை முதலில் தீர்க்காத எந்தத் திட்டமும் ஆசிரியரின் மாலைப் பொழுதிலும் அவரது சொந்த ரீசார்ஜிலும்தான் ஓடும்.