தி ஹான்டிங் (1999 திரைப்படம்)

தி ஹான்டிங் என்பது 1999 ஜூலை 23 அன்று வெளியான அமெரிக்கத் திகில் திரைப்படமாகும். யான் டி பான்ட் இதை இயக்கினார். லில்லி டெய்லர், லியம் நீசன், கேத்தரின் சீட்டா-ஜோன்ஸ், ஓவன் வில்சன் ஆகியோர் நடித்தனர். ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ என்ற புதினமே இதன் மூலக்கதை. அதே புதினத்தை 1963இல் ராபர்ட் வைஸ் கறுப்பு வெள்ளையில் படமாக்கியிருந்தார். அந்தப் படம் இன்றும் மிகச் சிறந்த திகில் படங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

ஏறத்தாழ 8 கோடி டாலர் செலவில் உருவான மறுஆக்கம் உலகெங்கும் சுமார் 17.7 கோடி டாலர் வசூலித்தது. ஆகவே இதை வணிகத் தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான விமர்சகர்கள் இதைச் சாடினர். ஆண்டின் மோசமான படங்களைக் கேலி செய்யும் கோல்டன் ராஸ்பெரி விருதுக்கு ஐந்து பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது.

புதினத்தில் இருந்த அச்சம்

எலினோர் 32 வயதுப் பெண். நோயுற்ற தாயைப் பதினோரு ஆண்டுகள் கவனித்துக்கொண்டு வெளியுலகம் தெரியாமல் வாழ்ந்தவள். தாய் இறந்த இரவில் அவர் சுவரைத் தட்டி அழைத்தாரா, அதைக் கேட்டும் தான் தூங்கிவிட்டோமா என்பது எலினோருக்கே தெளிவாகத் தெரியாது. அமானுட நிகழ்வுகளை ஆராயும் ஒருவர் அழைத்ததால் ஹில் ஹவுஸ் மாளிகைக்கு வருகிறாள். அங்கே இரவில் கதவு தட்டப்படுகிறது.

தட்டுவது யார்? வீடா, பேயா, அவளுடைய குற்றவுணர்வா? அவள் சிறுமியாக இருந்தபோது அவள் வீட்டின் மேல் கல்மழை பொழிந்தது என்ற செய்தியையும் ஜாக்சன் முன்பே சொல்லி வைக்கிறார். அதனால் எல்லாவற்றையும் அவளே தன்னையறியாமல் நிகழ்த்துகிறாளோ என்ற ஐயமும் எழுகிறது. போக இடமில்லாத அவளுக்கு, தன்னை விரும்பி அழைக்கும் முதல் இடமாக அந்த வீடு தோன்றுகிறது. மற்றவர்கள் அவளை வெளியேறச் சொல்லும்போது காரை மரத்தில் மோதி இறக்கிறாள். விடை இறுதிவரை கிடைப்பதில்லை.

1963 படம்

வைஸ் பேயைக் காட்டவே இல்லை. இது அவர் முன்பே பயின்ற பாடம். 1940களில் தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் ‘தி பாடி ஸ்னாச்சர்’ போன்ற சிறு செலவுத் திகில் படங்களை இயக்கியவர் அவர். இந்தப் படத்துக்கு பனாவிஷன் நிறுவனத்திடம் இன்னும் முழுமையடையாத 30 மில்லிமீட்டர் அகலக்கோண வில்லை ஒன்றைக் கேட்டு வாங்கினார். அது உருவங்களைச் சற்றே கோணலாக்கியது. அவருக்குத் தேவைப்பட்டதும் அந்தக் குறைதான். மாளிகையின் வெளிப்புறத்தை அகச்சிவப்புப் படச்சுருளில் எடுத்தார். புகழ்பெற்ற ஒரு காட்சியில் மூடிய கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கிப் புடைக்கிறது. அதற்குப் பின்னால் இருந்தது கதவைத் தள்ளிய ஆள் பலம் மட்டுமே. படத்தின் செலவு சுமார் 11 லட்சம் டாலர்.

மறுஆக்கம் செய்த மாற்றம்

டி பான்ட் படத்தில் எல்லாமே கண்முன் வருகின்றன. படுக்கை விரிப்பின் அடியில் குழந்தை முகம் ஊர்கிறது. மரச் சிற்பங்கள் தலை திருப்புகின்றன. கட்டிலின் தூண்கள் சிலந்திக் கால்கள்போல் வளைகின்றன. இறுதியில் வீட்டைக் கட்டிய ஹியூ கிரெய்னே கணினி வரைகலையில் பேருருவமாக எழுந்து நிற்கிறார்.

காட்டியது மட்டும் குறையன்று, கதையையும் மாற்றிவிட்டார்கள். இங்கே கிரெய்ன் குழந்தைத் தொழிலாளர்களைக் கொன்ற ஆலை முதலாளி. எலினோர் அவர் குடும்ப வழியில் வந்தவள். சிக்கிய குழந்தைகளின் ஆன்மாக்களை விடுவிக்கவே அவள் வந்திருக்கிறாள் என்று ஆகிறது. வில்லன் யார், கடமை என்ன என்பதெல்லாம் தெளிவாகிவிட்டதால் தட்டல் ஓசைக்கு வேறு பொருளே இல்லை. அவள் சாவும் ஒளியோடு விண்ணேறும் தியாகமாக முடிகிறது. வீடில்லாத ஒருத்தியின் அவலம் எங்கோ நழுவிப் போய்விட்டது. லில்லி டெய்லர் நன்றாகவே நடித்திருக்கிறார் என்பதால் இந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது.

அரங்க அமைப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. யூஜினியோ சனெட்டி வடிவமைத்த கூடங்களும் படிக்கட்டுகளும் மலைக்க வைக்கின்றன. இங்கிலாந்தின் ஹார்லாக்ஸ்டன் மாளிகை வெளிப்புறக் காட்சிகளில் இடம்பெற்றது. ஒலியை நிறுத்திவிட்டு அந்த அறைகளை மட்டும் பார்த்தால் சிறிது பயம் வரக்கூடும்!

வெளியான காலமும் இப்படத்துக்குச் சாதகமாக இல்லை. மிகச் சிறு செலவில் எடுக்கப்பட்ட ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ அதே மாதம் திரைக்கு வந்தது. அதில் சூனியக்காரி ஒரு முறைகூடத் தென்படுவதில்லை. ஆனாலும் கூட்டம் கூட்டமாக மக்கள் அதைப் பார்த்து நடுங்கினார்கள்.