தெற்கே போக எந்தப் பக்கம் திரும்புவது?

தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்திலிருந்து பார்த்தால் கன்னியாகுமரி ஏறக்குறைய நேர் தெற்கு. ஆனால் நேர் தெற்கே போகச் சாலை இல்லை, குறுக்கே மேகமலை நிற்கிறது. சின்னமனூரிலிருந்து மேலே ஏறும் சாலை ஹைவேவிஸ், மகாராஜா மெட்டு, இரவங்கலாறு என்று தேயிலைத் தோட்டங்களுக்குள் போய் முடிந்துவிடும், மறுபக்கம் இறங்காது. வருசநாட்டிலிருந்து விருதுநகர் மாவட்டத்துக்கு ஒரு சாலை வேண்டும் என்பது அந்தப் பகுதி மக்களின் பல்லாண்டுக் கோரிக்கை. அந்தச் சாலை கடக்க வேண்டிய காடோ 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது.

ஆகவே போடி, தேவாரம் வட்டாரத்துக் குடும்பம் காரில் தெற்கே போக வேண்டுமானால் முதலில் கிழக்கே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மேற்கே மலை ஏற வேண்டும். கோடையில் இதைப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. ஐப்பசியிலிருந்து தை வரை யோசித்தே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் வரும் நாட்கள் இவை. வடகிழக்குப் பருவமழையும் மலையில் மூடுபனியும் ஐயப்ப சீசனும் இதே நாட்களில்தான் வருகின்றன. இந்த மாதங்களில் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும், அடுத்து வானிலையை. தூரக் கணக்கு கடைசியில்தான்.

மூன்று வழிகள்

முதலாவது, நாலு வழிச்சாலை. போடி, தேனி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டி உசிலம்பட்டி. அங்கே மதுரைச் சாலையை விட்டு வலப்புறம் பிரிந்தால் திருமங்கலம். மதுரை நெரிசலுக்குள் போக வேண்டியதில்லை. திருமங்கலத்தில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, திருநெல்வேலி, நாங்குநேரி, பணகுடி, காவல்கிணறு வழியாகக் கன்னியாகுமரி. மொத்தம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நின்று சாப்பிட்டுப் போனாலும் ஆறேழு மணி நேரம். எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி டோல்கேட்டுகளுக்கு ஃபாஸ்டேக்கில் பணம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மலையடிவாரச் சாலை. உசிலம்பட்டியிலிருந்து பேரையூர், டி.கல்லுப்பட்டி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. அங்கிருந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு வழியாக நாகர்கோவில். கிலோமீட்டரில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஊர் ஊராக நுழைந்து வர வேண்டும், ஆகவே இரண்டு மணி நேரமாவது கூடும். ஆண்டாள் கோயிலும் தென்காசிக் கோபுரமும் குற்றாலமும் பாபநாசமும் ஒரே சாலையில் கிடைப்பது இதன் லாபம்.

மூன்றாவது, மலை ஏறிக் கேரளம் வழியாக. கம்பம், லோயர் கேம்ப், குமுளி, வண்டிப்பெரியார், குட்டிக்கானம், முண்டக்கயம், புனலூர், திருவனந்தபுரம், பிறகு நாகர்கோவில். போடிமெட்டு ஏறி பூப்பாறை, நெடுங்கண்டம், கட்டப்பனை என்று ஏலத்தோட்டங்கள் வழியாகவே குட்டிக்கானம் போகிறவர்களும் உண்டு. பார்க்க மிக அழகான வழி இது. தூரம் அதிகம், நேரம் அதைவிட அதிகம். விடியலில் கிளம்பினாலும் கன்னியாகுமரி சேர இருட்டிவிடும். சொந்தக் காருக்கு எல்லையில் தனி பெர்மிட் தேவையில்லை. வாடகை வேன் என்றால் கேரள பெர்மிட்டும் வரியும் கட்டியிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை எங்கே விழுகிறது

தென்மேற்குப் பருவமழை மலையின் கேரளப் பக்கத்தில் கொட்டும். போடிக்குச் சாரலும் காற்றும்தான் மிச்சம். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழாகிறது. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் கிழக்குச் சரிவில் மோதுகிறது. மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து போன்ற எஸ்டேட்டுகளின் மழையளவு டிசம்பரில் செய்திகளில் அடிபடுவது இதனால்தான்.

இப்போது இரண்டாவது வழியை மனதில் ஓட்டிப் பாருங்கள். அந்தச் சாலை இந்தச் சரிவின் காலடியிலேயே போகிறது. மலையில் பெய்யும் மழை ஓடையாக இறங்கி முதலில் கடப்பது அதைத்தான். கண்மாய்கள் மறுகால் பாய்வதும் தரைப்பாலங்கள் மூழ்குவதும் அங்கேதான். நாலு வழிச்சாலை மலையை விட்டுக் கிழக்கே தள்ளி, உயரமான பாலங்கள் மேல் போகிறது. பெருமழை நாளில் முதல் வழி பாதுகாப்பானது என்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் சாலை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, போய் இறங்கும் ஊரும் நன்றாக இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருச்செந்தூரை அடுத்த காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. ஏரலில் ஆற்றுப் பாலத்தையொட்டிய சாலை அடித்துச் செல்லப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தார்கள். திருச்செந்தூருக்கு நெல்லையிலிருந்து போகும் ஆற்றோரச் சாலை, தூத்துக்குடியிலிருந்து போகும் கடலோரச் சாலை இரண்டுமே அன்று உதவவில்லை.

எனவே வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்கும்போது தேனி மாவட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களையும் பாருங்கள். பொதுவாக மஞ்சள் என்றால் கனமழை, ஆரஞ்சு என்றால் மிகக் கனமழை, சிவப்பு என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடிய அதி கனமழை. மஞ்சள் என்றால் முதல் வழியில் போகலாம். ஆரஞ்சு என்றால் ஒரு நாள் தள்ளுங்கள். சிவப்பு என்றால் பேச்சே வேண்டாம். மழை விட்ட மறுநாளும் கவனம் தேவை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறந்தால் ஆற்றோர ஊர்களில் வெள்ளம் தாமதமாகத்தான் ஏறும்.

மலையில் மேகம்

போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள். சரிவில் ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து, சாலை மட்டத்திலேயே மேகமாகிவிடுகிறது. மூடுபனி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான். போடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தால் நீங்கள் போக வேண்டிய சாலை அதற்குள்ளேதான் இருக்கிறது.

மூடுபனிக்குள் ஹை பீம் போட்டால் ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோ பீமும் பனி விளக்கும் போதும். சாலை ஓர வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் போங்கள். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறி அது பிடிப்பை இழக்கும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி. இது மரியாதை மட்டுமல்ல, சாலை விதியும்கூட.

நம் மலைச்சாலைகளில் வெளியூர்க்காரருக்குத் தெரியாத ஒரு நேரக் கணக்கும் உண்டு. காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே பறக்கும். மாலையில் அதே வேகத்தில் இறங்கும். அந்த நேரங்களில் குழந்தைகளோடு வளைவில் எதிர்ப்படாமல், காலை ஜீப்புகள் ஏறி முடித்த பிறகு மலை ஏறுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறையும் மண்ணும் சரிந்தால் இரவுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவதும் வழக்கம்.

கூட்டத்தின் நாட்காட்டி

கார்த்திகை முதல் தேதி மாலை போடுவது தொடங்கியதும் கம்பம், குமுளி சாலை ஐயப்ப பக்தர்களின் சாலையாகிவிடும். கூட்டம் உச்சமாகும் நாட்களில் சபரிமலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக மேலே அனுப்பி, திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடு செய்வார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் மண்டல பூஜை, ஜனவரி 14 வாக்கில் மகர விளக்கு. இவ்விரண்டையும் ஒட்டிய நாட்களில் மூன்றாவது வழியை முழுக்க மறந்துவிடலாம். திரும்பும் பக்தர்கள் குற்றாலத்திலும் குளிக்க இறங்குவதால் தென்காசிப் பக்கமும் அப்போது நெரியும். இரவெல்லாம் ஓட்டிவந்த வேன்கள் அதிகாலையில் எதிரே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொங்கலுக்கு முந்தைய மூன்று நாட்களும் நாலு வழிச்சாலையில் சென்னைக் கூட்டம் தெற்கே பாயும். விடுமுறை முடியும் நாளில் அது வடக்கே திரும்பும்; அன்று நீங்கள் தெற்கே போனால் உங்கள் பக்கம் காலியாக இருக்கும். தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்கும் பழனிக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டிலும் சாலையோரம் நடப்பார்கள். அந்த நாட்களில் திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையை விடிந்த பிறகு மட்டும் ஓட்டுங்கள்.

எப்போது கிளம்புவது

“ராத்திரியே கிளம்பிட்டா வெயிலுக்கு முன்னாடி போயிரலாம்” என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். மார்கழியில் தப்பிக்க வேண்டிய வெயிலே இல்லை. இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் ஓட்டுநரின் கண் செருகும். தேங்கிய மழைநீரும் பின்விளக்கு இல்லாத டிராக்டரும் அப்போது தெரியாது. அந்த மாதத்தில் ஆறரை மணிக்கு விடிந்து, மாலை ஆறு மணி தாண்டியதும் இருட்டிவிடும். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் விருதுநகரில் காலைச் சாப்பாடு, பதினொரு மணி வாக்கில் நெல்லை, மதியம் இரண்டு மணிக்குள் கன்னியாகுமரி. வயதானவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்க விடுவதற்கும் இதில் இடம் இருக்கிறது.

மேப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில சமயம் அது மயிலாடும்பாறையிலிருந்து மல்லப்புரம் வழியாகக் குறுக்கே போகச் சொல்லும். அது காட்டுக்குள் போகும் ஒடுக்கமான மலைச்சாலை. மழைக்காலத்துக்கும் இருட்டுக்கும் ஏற்றதல்ல. கிராமங்களின் ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால், முன்னால் போன வண்டி கடந்துவிட்டது என்பதை நம்பி இறங்காதீர்கள்.

கிளம்புவதற்கு முன் வைப்பர், டயர், ஸ்டெப்னி, விளக்குகள் நான்கையும் பாருங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் சட்டப்படியே அது கழிவு. ஈரச் சாலையில் வேகத்தில் போனால் தண்ணீர் மேல் வழுக்கும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, ஆம்புலன்சுக்கு 108.

முடிவாக

  இந்த வழிகளில் பருவம் முழுக்க யாரும் தடுப்புப் போடுவதில்லை. மூன்று வழிகளும் திறந்தே இருக்கும், தேர்வு நம் கையில்.

கார்த்திகை தொடங்கி டிசம்பர் முடியும்வரை நாலு வழிச்சாலைதான். மழை ஓய்ந்து, பொங்கல் கூட்டமும் கலைந்த பிறகு மலையடிவாரச் சாலையில் நிதானமாகக் கோயில்கள் பார்த்துக்கொண்டு போகலாம். கேரள வழியைத் தை பாதிக்குப் பிறகு, பகலில், இடையில் ஓர் இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் எடுங்கள். எந்த வழியானாலும் விடுமுறையில் ஒரு நாளைக் காலியாக விட்டு, தேதி மாற்ற அனுமதிக்கும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். திரும்பி வந்தே ஆக வேண்டும் என்ற அவசரம்தான் ஆரஞ்சு எச்சரிக்கை நாளிலும் வண்டியை எடுக்க வைக்கிறது. அந்த ஒரு நாள் கையில் இருந்தால் மழை விடும்வரை இருந்த இடத்திலேயே காத்திருக்கலாம்.