ஆறு நாளில் ஐந்து வெற்றி

மாலைதோறும் நம் கல்லூரி மைதானத்தில் பந்தின் ஓசை எழுகின்றது. வென்ற நாளின் ஆரவாரமும் தோற்ற நாளின் மௌனமும் விடுதிவரை நம்மைப் பின்தொடர்கின்றன. எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று எண்ணுவதில் நாம் வல்லவர்கள். ஆயின், ஒரு குழுவின் வெற்றி ஒரு கல்லூரிக்கு உண்மையில் எதனைத் தருகின்றது என்று சிந்திப்பார் சிலரே. இதனை ஆராய்தற்கு, அமெரிக்க நாட்டுச் சிறு கல்லூரியொன்றின் 1899-ஆம் ஆண்டு வரலாறு பெரிதும் துணைபுரியும்.

டென்னஸி மாகாணத்துக் கம்பர்லந்து மேட்டுநிலத்தின்மேல் சுவானி என்னும் சிற்றூர் உளது. அங்கே எபிஸ்கோபல் திருச்சபையார் 1857-இல் நிறுவி, 1868-இல் மாணாக்கரைச் சேர்க்கத் தொடங்கிய கல்விநிலையம் தென்னகப் பல்கலைக்கழகம் என்பது. பெயர் பெரிதாயினும் மாணாக்கர் தொகை சிறிது. இக்கல்லூரிக் குழுவே அவ்வாண்டில் ஆடிய 12 ஆட்டங்களிலும் வெற்றி கண்டது. அக்குழு பெற்ற புள்ளிகள் 322. எதிர்த்தோர் அனைவரும் சேர்ந்து பெற்றவை 10 மட்டுமே.

அவர்கள் ஆடியது நாம் ஆடும் உதைபந்தன்று என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அமெரிக்க ஆட்டத்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஏந்தியவனை எதிரணியார் பிடித்து வீழ்த்தலாம். அணிக்குப் பதினொருவர். மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜ தூரம் முன்னேறாவிடின் பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்பது அக்கால விதி. எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுசெல்லுதல் ‘டச்டவுன்’ எனப்படும். அதற்கு அன்று 5 புள்ளிகள். பந்தை முன்னோக்கி எறிதல் 1906 வரை விலக்கப்பட்டிருந்தது. ஆதலின் ஆட்டமெல்லாம் உடலோடு உடல் மோதுவதாகவே இருந்தது. ஒருமுறை களம்விட்டு நீங்கியவன் மீண்டும் புகுதல் அரிது. அடிபட்டவனும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றே ஆடினான். அத்தகைய ஆட்டத்தை வாரத்துக்கு ஒருமுறை ஆடுவதே கடினம்.

இனி, சுவானியார் செய்ததைக் காண்போம். ஆண்டுதோறும் வாண்டர்பில்ட் கல்லூரியோடு நடைபெற்ற ஆட்டம், வருமானப் பங்கீடு பற்றிய பிணக்கால் அவ்வாண்டு நின்றுபோயிற்று. அதனால் நேர்ந்த பொருட்குறையை ஈடுசெய்ய, குழுவின் நிர்வாகியாயிருந்த லூக் லீ என்னும் மாணவர் ஒரு நெடும்பயணத்தை வகுத்தார். நவம்பர் 9-இல் ஆஸ்டின் நகரில் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தை 12-0 என வென்றனர். 10-இல் ஹூஸ்டனில் டெக்ஸஸ் விவசாயக் கல்லூரியை 10-0. 11-இல் நியூ ஆர்லியன்ஸில் டுலேன் குழுவை 23-0. மறுநாள் ஞாயிறு, அன்று ஆட்டமில்லை. 13-இல் பேட்டன் ரூஜ் நகரில் லூயிஸியானாவை 34-0. 14-இல் மெம்பிஸில் மிஸிஸிப்பியை 12-0. ஆறு நாளில் ஐந்து வெற்றி. ஒருவர்க்கும் ஒரு புள்ளியும் கொடுத்திலர். பகலில் மோதி, இரவில் புகைவண்டியில் உறங்கி, ஏறத்தாழ 2,500 மைல் சென்று மீண்டனர்.

இஃது எங்ஙனம் இயன்றது? வள்ளுவர் ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்து, செயலின் வலியையும் தன் வலியையும் பகைவன் வலியையும் துணையின் வலியையும் சீர்தூக்குமாறு பணித்தார். இந்நான்கையும் இக்குழுவிடம் காணலாம். பயிற்றாசிரியர் பில்லி ஸூட்டர் பிரின்ஸ்டனில் ஆடிப் பழகியவர். செயலின் தன்மையை அறிந்தவர். தலைவர் ஹென்றி ஸீபெல்ஸ் முதலாயினோர் தம் உடல்வலியை நன்குணர்ந்தோர். பயணத்தை ஒழுங்குசெய்த லூக் லீ களத்தில் இறங்காத துணைவலி. அவரே பின்னர் 1911 முதல் 1917 வரை அமெரிக்க ஸெனட் சபையில் அமர்ந்தார். மாற்றான் வலியை அவர்கள் நன்கு கற்றது நவம்பர் 30-இல். அன்று ஜான் ஹைஸ்மன் பயிற்றிய ஆபர்ன் குழுவை 11-10 என மயிரிழையில் வென்றனர். ஆண்டு முழுவதும் அவர்களுக்கெதிராக எடுக்கப்பட்ட புள்ளிகள் அந்தப் பத்தே.

ஆயினும் புகழை மட்டும் கூறி அமைதல் முறையன்று. அவ்வாட்டத்தின் கொடுமை பெருகி, 1905-இல் மாணவர் பலர் உயிரிழந்தனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். மறுஆண்டே விதிகள் திருத்தப்பட்டன. மற்றொன்றும் கூறல் வேண்டும். திருச்சபையார் நிறுவிய அக்கல்லூரியின் வாயில் 1899-இல் கறுப்பின மாணாக்கர்க்கு அடைபட்டிருந்தது. ஞாயிறன்று பந்தைத் தொடாதிருத்தல் எளிது; அயலானுக்குக் கதவைத் திறத்தல் அரிது போலும்!

பின்னர் நிகழ்ந்தது யாது? 1932-இல் பெருங்கல்லூரிகள் சேர்ந்து தென்கிழக்குக் கழகம் அமைத்தபோது சுவானியும் அதில் உறுப்பாயிற்று. காலம் மாறிவிட்டது. செல்வமும் மாணவர் தொகையும் மிக்க கல்லூரிகளோடு அச்சிறு கல்லூரி ஆடிய கழக ஆட்டங்கள் அனைத்திலும் தோல்வியே கண்டது. 1940-இல் அது கழகத்தினின்று விலகியது. ஆட்டத்தைக் கைவிட்டதோ எனின், இல்லை. ஆட்டத்திறனுக்காக உதவித்தொகை அளிக்காத கல்லூரிகளோடு இன்றும் ஆடிவருகின்றது.

யான் இதனைப் படித்தபோது என் மனத்தைத் தொட்டது அந்த ஐந்து வெற்றியன்று, இவ்விலகலே. வெல்ல முடியாத இடத்தில் புகழுக்காக நிற்பதினும், தன் அளவறிந்து ஆடுவது கல்விநிலையத்துக்கு அழகு. வென்ற குழு சில ஆண்டில் கலைந்துபோகும். கல்லூரி நிலைத்து நிற்றல் வேண்டும். நம் குழு அடுத்த பருவத்தில் வெல்லுமோ தோற்குமோ, அறியேம். வென்றால் ஆரவாரிப்போம். தோற்றாலும், வழக்கம்போல் மாலையில் நம் மைதானத்தில் பந்தின் ஓசை எழுதல் வேண்டும்.