ஒரு நாள் கெடு: திப்புவுக்குப் போன கடிதமும் காவிரி வெள்ளமும்

இன்னைக்கு எபிசோட் ஒரு கடிதத்தைப் பத்தினது. தேதி 1799 ஜனவரி 9. எழுதினவர் கிழக்கிந்தியக் கம்பெனியோட கவர்னர் ஜெனரல் மார்னிங்டன் பிரபு. பின்னாடி வெல்லெஸ்லின்னு பாடப்புத்தகத்துல வர்றாரே, அவரேதான். எழுதின இடம் மெட்ராஸ். போய்ச் சேர வேண்டிய இடம் ஸ்ரீரங்கப்பட்டணம், திப்பு சுல்தான் கையில.

சாரம் இதுதான்: நான் அனுப்புற தூதரை வரவேற்கச் சம்மதிக்கணும், இந்தக் கடிதம் கிடைச்ச ஒரே நாளைக்குள்ள பதில் எழுதணும்.

ஒரு ராஜாவுக்கு ஒரு நாள் கெடு. எதுக்கு இவ்வளவு அவசரம்? அதுக்கு முதல்ல மேப்பைப் பார்க்கணும்.

சேலம், நாமக்கல், சங்ககிரி, பரமத்தி, ஆத்தூர், ஓமலூர், வடக்கே பாராமகால்னு சொல்ற தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லாமே 1792 வரைக்கும் மைசூர் ராஜ்யம். நாமக்கல் ஊர் நடுவுல பாறை மேல நிக்குற கோட்டையிலயும், பைபாஸ்ல போறப்போ தெரியுற சங்ககிரி மலைக்கோட்டையிலயும் இருந்தது மைசூர்ப் படைதான். மூணாவது மைசூர்ப் போர்ல திப்பு தோத்தார். 1792 மார்ச்ல போட்ட ஒப்பந்தத்துல ராஜ்யத்துல பாதி போச்சு, 3 கோடியே 30 லட்ச ரூபாய் அபராதம், ரெண்டு மகன்கள் பிணைக்கைதிகள். நம்ம பக்கம் கம்பெனி கைக்கு வந்தது அப்போதான். முதல் கலெக்டர் அலெக்ஸாண்டர் ரீட். அவர் கலெக்டர் மட்டுமில்ல, ராணுவ அதிகாரியும்கூட. இது பின்னாடி முக்கியமாகும்.

ஆக, 1792க்கு அப்புறம் சேலம் ஒரு எல்லைப்புற மாவட்டம். ராயக்கோட்டை கம்பெனியோடது, அதைத் தாண்டி மேல ஏறினா கெலமங்கலம், ஓசூர் மைசூரோடது. பெரிய வல்லரசும், பாதியா வெட்டப்பட்ட பக்கத்து நாடும் தோளோடு தோள் உரசிக்கிட்டு நிக்குது.

இப்போ சண்டைக்கான காரணம். 1798 ஜனவரியில மொரீஷியஸ்ல இருந்த பிரெஞ்சு கவர்னர் மலார்ட்டிக் ஒரு அறிவிப்பை ஊர் பூரா ஒட்டிட்டார்: திப்பு ஆங்கிலேயரை விரட்ட நம்ம உதவி கேட்கிறார், விருப்பமுள்ளவங்க படையில சேரலாம்னு. ரகசியத் தூதை இப்படி போஸ்டர் அடிச்சு யாராவது காப்பாத்துவாங்களா! அதை நம்பிக் கப்பல் ஏறி வந்தவங்க 100 பேர்கூட இல்லை. ஆனா மார்னிங்டனுக்கு அந்தப் போஸ்டரே போதுமான சாட்சி. அதே வருஷம் நெப்போலியன் எகிப்துல இறங்கினதால லண்டனும் பயந்திருந்தது.

திப்பு அப்பாவின்னு நான் சொல்ல வரலை. தூது அனுப்பினது உண்மை. கேட்டப்போ, அரிசி ஏத்திட்டுப் போன வியாபாரக் கப்பல் அது, திரும்பி வரும்போது சில பிரெஞ்சுக்காரங்க ஏறி வந்தாங்கன்னு சமாளிச்சதும் உண்மை. ஆனா அந்தப் பயம் எவ்வளவு நிஜம்? நைல் நதி முகத்துல நெல்சன் பிரெஞ்சுக் கடற்படையை அழிச்ச சேதி மார்னிங்டனுக்கு 1798 அக்டோபர் கடைசியிலயே கிடைச்சிருச்சு. ஹைதராபாத் நிஜாம்கிட்ட இருந்த பிரெஞ்சுப் படைப்பிரிவையும் அதே மாசம் கலைச்சாச்சு. திப்புவுக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் போனது இதுக்கெல்லாம் அப்புறம், நவம்பர் 8. ஆபத்து குறைஞ்ச பிறகுதான் குரல் உசந்திருக்கு.

அந்தக் கடிதத்துல எனக்கு வினோதமா படுறது ஒண்ணு. மேஜர் டவ்டன்னு ஒருத்தரை அனுப்புறேன், என்ன செய்யணும்னு அவர் விளக்குவார்ங்கிறாங்க. நிபந்தனை என்னன்னு கடிதத்துல கிடையாது. திப்பு டிசம்பர்ல எழுதின பதில்ல, இருக்கிற ஒப்பந்தமே போதும், புதுத் தூதர் எதுக்குன்னு கேட்டார். அதுக்கு வந்ததுதான் ஜனவரி 9 கடிதம், ஒரு நாள் கெடு.

இங்கதான் காவிரி உள்ள வருது. ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரி நடுவுல இருக்கிற தீவு. குடகுல தென்மேற்குப் பருவமழை பிடிச்சா ஜூன்ல ஆறு பெருகிடும், பீரங்கியோட யாரும் கிட்ட போக முடியாது. மேட்டூர் அணையை ஜூன் 12ல திறக்கிற வழக்கமும் அதே மழையை நம்பித்தான். கம்பெனிக்கு இதுல சூடு பட்ட அனுபவம் உண்டு. 1791 மே மாசம் காரன்வாலிஸ் கோட்டை வாசல் வரைக்கும் போயி, மழையாலயும் சாப்பாடு இல்லாமலயும், இழுத்துட்டுப் போன பெரிய பீரங்கிகளைத் தானே உடைச்சுப் போட்டுட்டுத் திரும்பினார்.

ஆக, மே மாசத்துக்குள்ள கோட்டையைப் பிடிக்கணும். அதுக்கு மார்ச்ல மலை ஏறணும், பிப்ரவரியில கிளம்பணும். ஒரு நாள் கெடு எங்கிருந்து வந்துச்சுன்னு இப்போ புரியுதா? என் கணிப்பு, திப்புவும் இதே காலண்டரைப் பார்த்துத்தான் இழுத்தடிச்சார். ஜூன் வரைக்கும் தள்ளினா ஒரு வருஷம் கிடைக்கும்.

பிப்ரவரி 3ஆம் தேதி, பதிலுக்குக் காத்திருக்காம, மைசூருக்குள்ள நுழையச் சொல்லி ஜெனரல் ஹாரிஸுக்கு உத்தரவு போயிருச்சு. திப்புவோட பதில் மெட்ராஸ் வந்தது பிப்ரவரி 13. நான் வேட்டைக்குப் போறேன், டவ்டன் கொஞ்சம் ஆட்களோட வரட்டும்னு எழுதியிருந்தார். அலட்சியமான தொனிதான், ஆனா வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா, கேட்டதுக்குச் சம்மதிச்சுட்டார்! காலம் கடந்துபோச்சுன்னு சொல்லிட்டாங்க. 22ஆம் தேதி போர்ப் பிரகடனம்.

இது பழைய காலத்துப் பழக்கம் மட்டுமில்ல. 1940 ஜூன் 14 நள்ளிரவு நெருங்கும்போது சோவியத் யூனியன் லித்துவேனியாவுக்குக் கெடு வச்சது: அரசாங்கத்தை மாத்து, எங்க படையை உள்ள விடு, காலை 10 மணிக்குள்ள பதில். லித்துவேனியா ஒத்துக்கிச்சு. அன்னைக்கே படை உள்ள வந்துருச்சு.

நம்ம கதைக்கு வருவோம். ஹாரிஸ் படை வேலூர்ல இருந்து ராயக்கோட்டை வழியா மார்ச் 5ல எல்லை தாண்டுச்சு. தீவனம் இல்லாம மாடுகள் கூட்டம் கூட்டமா செத்துச்சு. அதுக்குப் பின்னாடியே தானியம் சேர்த்து அனுப்புற பொறுப்புல இருந்தவர்கள்ல ஒருத்தர் நம்ம கலெக்டர் ரீட். இந்த மண்ணுல விளைஞ்சது ஏழு வருஷம் முன்னாடி வரைக்கும் இந்த ஊர்களை ஆண்டவர் மேல படையெடுக்கப் போகுது.

ஏப்ரல் நடுவுல முற்றுகை நடந்துகிட்டிருக்கும்போது ஹாரிஸுக்கு ஒரு அதிர்ச்சி. அரிசியை அளந்து பார்த்தா, வீரர்களுக்குப் பாதி அளவு கொடுத்தாலும் 18 நாளைக்குத்தான் வரும். ஏப்ரல் 22ல ரெண்டாவது கெடு போகுது: மிச்ச ராஜ்யத்துல பாதி, 2 கோடி ரூபாய், நாலு மகன்களும் நாலு தளபதிகளும் பிணை. 24 மணி நேரத்துல சம்மதம் வரணும். ஆறு நாள் கழிச்சு, பேச ரெண்டு வக்கீல்களை அனுப்புறேன்னு திப்பு எழுதினார். பேச்சுக்கே இடமில்லைன்னு ஹாரிஸ் மறுத்துட்டார். மே 4ல கோட்டை விழுந்துச்சு, திப்பு சண்டையிலயே இறந்தார். அரிசிக் கணக்குல மிச்சம் இருந்தது ஒண்ணு ரெண்டு நாள்.

காவேரிபுரம் கணவாய் ஏறி வந்த தானியப் பொதிகள் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தது அதுக்கு அப்புறம்தான். ஜூன்ல பங்கு பிரிச்சாங்க. மைசூர்ல உடையார் வம்சத்துக் குழந்தை ஒண்ணுக்குப் பட்டம் கட்டி, கோயம்புத்தூர்ப் பகுதியையும் ஓசூர்ப் பக்கத்தையும் கம்பெனி எடுத்துக்கிச்சு. ஓசூர் சேலம் மாவட்டத்தோட சேர்ந்தது இப்படித்தான்.

ரீடும் அவரோட உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்க நிலம் அளந்து வரி போட்ட கதை தனியா ஒரு எபிசோட் தாங்கும். அடுத்த வாரம் அது.