கண்மாய் காத்த சீமை

மாவட்டங்களின் கதை: ராமநாதபுரம் – பகுதி 2

போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்குத் தலைநகரை மாற்றிய கிழவன் சேதுபதியைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அரண்மனையை விட்டு வெளியே வருவோம். பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர், திருவாடானை என்று எந்தப் பக்கம் போனாலும் பேச்சு கடைசியில் கண்மாயில் வந்துதான் நிற்கும்.

ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்றாலே முகம் வாடிப்போகும் அரசு ஊழியர்கள் ஒரு காலத்தில் நிறையப் பேர். ‘தண்ணியில்லாக் காடு’ என்று இந்தச் சீமைக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஆனாலும் இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் ஊர் பிழைக்கும். விட்டுவிட்டால் அது கடலுக்குப் போய்விடும். இந்தக் கணக்கை நம் முன்னோர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

நிலத்தின் வாகைக் கவனியுங்கள். மலை கிடையாது. மேற்கிலிருந்து கடலை நோக்கி, கண்ணுக்கே தெரியாத சரிவு. இப்படிப்பட்ட மண்ணில் பெரிய அணை கட்ட இடமில்லை. ஆகவே சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டு, மேல்பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். வரத்துக்கால் வழியே தண்ணீர் உள்வாய்க்கு வரும். மடை வழியே வயலுக்குப் போகும். நிறைந்தால் கலுங்கில் மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போய்ச் சேரும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஊர். மேலூர்க்காரன் கலுங்கை உயர்த்திக் கட்டினால் கீழூர்க்காரன் வயல் காயும். அதனால் தண்ணீர்ப் பங்கு என்பது இங்கே ஊருக்கும் ஊருக்கும் நடுவிலான மானப் பிரச்சினை. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதலில் பாய்ச்சுவது என்பதைப் பார்த்துக்கொள்ள நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். அறுவடையில் அவருக்கு நெல்லாகக் கூலி அளந்தார்கள். கரையைக் கட்டிக் காக்கும் குடிமராமத்து வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டியிருந்தது.

இந்தக் கண்மாய்களில் மூத்த பெருமை ஆர்.எஸ். மங்கலம் என்று சுருங்கிவிட்ட ராஜசிங்கமங்கலத்தின் கண்மாய்க்கு. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஊரார் சொல்வார்கள். நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளமாம் அதன் கரை. வைகை வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும் இதே வரிசையில் வைக்கத்தக்கது. அது நிறைந்து மிஞ்சினால்தான் வைகைத் தண்ணீர் ஆற்றங்கரை அருகே கடலைக் காணும்.

வைகையைப் பற்றிப் பேசும்போது ஒரு செய்தியை மறக்கக்கூடாது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பலாம் என்று 1789-இல் யோசித்தவர் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி (அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை. கையில் அதற்கான பணம் இல்லை, திட்டம் நின்றது. 1795-இல் ஆங்கிலேயர் சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தார்கள். 1803-இல் சேதுபதிகள் ஆண்ட மறவர் நாடு ஜமீனாகச் சுருங்கியது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை திறந்தது 1895-இல். யோசனை பிறந்த சீமையோ இன்று அந்தத் தண்ணீருக்குக் கடைமடை. தேனி, மதுரை, சிவகங்கையைக் கடந்து மிஞ்சி வருவதுதான் இங்கே வரும்.

ஆட்சியிலும் இந்த மாவட்டம் கடைமடையாகத்தான் இருந்தது. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டம் உருவானது. ஆனால் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையில்தான் இருந்தது. மனுக் கொடுக்க மதுரைக்குப் பஸ் ஏறிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 1985-இல் சிவகங்கை, விருதுநகர் பகுதிகள் தனி மாவட்டங்களாயின. அதற்குப் பிறகுதான் இன்றைய ராமநாதபுரம் தெளிவான உருவம் பெற்றது.

கண்மாய் கைவிட்ட ஊர்களில் மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஆவணியிலும் புரட்டாசியிலும் மழையை நம்பிக் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைக்கிறார்கள். இதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர். பிற்பாடு மழை ஏமாற்றினால் விதையும் போய்விடும். அது தெரிந்தேதான் விதைக்கிறார்கள். மானாவாரியில் விளையும் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாசி, பங்குனியில் பழத்தைப் பறித்துக் களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். நன்றாகக் காய்ந்த பழத்தைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். அந்தச் சத்தத்திலேயே பதம் பார்த்துவிடுகிறார்கள் பெண்கள். கீதாரிகள் ஆட்டு மந்தையோடு தஞ்சைப் பக்கம் போய், அறுத்த வயல்களில் கிடை போட்டு, மழைக்காலத்தில் ஊர் திரும்புகிறார்கள்.

இன்னொரு பிழைப்பு கரிமூட்டம். சீமைக்கருவேலத்தை வெட்டி, கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் பூசி மூடித் தீ வைப்பார்கள். மண்ணில் எங்கே விரிசல் விட்டாலும் காற்றுப் புகுந்து கட்டை சாம்பலாகிவிடும். அதனால் இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்து விரிசலுக்கு மண் அப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்ட மரம் இது. இதே மரம்தான் கண்மாய் உள்வாயிலும் வரத்துக்காலிலும் காடாக மண்டி, தண்ணீரின் வழியை அடைத்தது. மரத்தின்மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. வெட்டவெளியாகக் கைவிட்ட இடத்தில்தான் அது முளைத்தது.

கண்மாய்களை ஏன் கைவிட்டோம்? 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. அது மிகவும் நல்ல காரியம். ஜமீனிடம் இருந்த பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. கரையைக் காக்கும் கடமை அரசுடையது என்றானதும் ஊரின் கை மெல்லத் தளர்ந்தது. நீர்பாய்ச்சிக்கு நெல் அளப்பதும் பல ஊர்களில் நின்றுபோனது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியது. பல கண்மாய்களில் கரை உயர்ந்தது. ஆனால் கரையை மட்டும் உயர்த்திப் பயனில்லை. வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்தால் தண்ணீர் எங்கிருந்து வரும்?

குடிநீருக்குத் திருச்சிப் பக்கமிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்தோம். தேவையான திட்டம்தான், உப்புநீரோடு போராடிய கிராமங்களுக்கு அது பெரிய ஆறுதல். அதற்காக ஊருணியையும் கண்மாயையும் மறந்துவிட முடியாது. பறவைகள் வந்து தங்கும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. எங்கிருந்தோ வரும் பறவைக்குத் தெரிந்த அருமை நமக்கும் தெரிய வேண்டும்.

ராமநாதபுரத்துக்கு இரக்கம் வேண்டாம். வைகையில் அதற்குரிய பங்கு குறையாமல் வர வேண்டும். வரத்துக்கால்களை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, மடையைத் திறக்கும் முடிவில் ஊராருக்கு மறுபடியும் இடம் கொடுக்க வேண்டும். இவை நடந்தால் இந்தச் சீமை தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். பல நூறு ஆண்டுகள் அப்படித்தான் பார்த்துக்கொண்டது.

(அடுத்த வாரம்: தொண்டி முதல் வாலிநோக்கம் வரை கடற்கரை மக்கள்)