பழைய கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க்: கழற்றிய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்

பல ஊர்களில் டிடிபி சென்டர் மூலையில் ஒரு பென்டியம் 4 கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அதில்தான் ஒழுங்காக இருக்கும். புது மெஷினில் அதே கோப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் சிதறிக் கிடக்கும். அதனால் உரிமையாளர் அதை விடுவதில்லை. ஒருநாள் ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் வரும். மெஷின் சர்வீஸுக்குப் போய்ப் புது டிஸ்க்கோடு திரும்பும். "பழசு செத்துப்போச்சு சார், உங்களுக்கு எதுக்கு?" என்பார்கள். நாமும் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அப்படி விட்டு வரக் கூடாது. பழுதான டிஸ்க்கிலிருந்தும் பல நேரம் தகவலை எடுத்துவிட முடியும். டிடிபி சென்டர் டிஸ்க்கில் இருப்பது உரிமையாளரின் கணக்கு மட்டுமல்ல. ஊராரின் ஆதார் ஸ்கேன், பத்திர நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. நம்பிக் கொடுத்தவர்களின் பொருள் அது. "ஃபார்மட் அடிச்சாச்சு" என்ற பதிலையும் நம்ப வேண்டாம். எக்ஸ்பியில் முழு ஃபார்மட் செய்தாலும் தகவல் பகுதியின் மேல் எதுவும் எழுதப்படுவதில்லை. இலவச மென்பொருளே பழைய கோப்புகளை மீட்டுவிடும்.

கழற்றிய டிஸ்க் உங்கள் உடைமை. மெஷினைக் கொடுக்கும்போதே ஜாப் கார்டில் டிஸ்க்கின் மாடல், சீரியல் எண், 'பழைய டிஸ்க்கைத் திருப்பித் தர வேண்டும்' என்ற வரி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். டிஸ்க்கின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மாற்றுவதற்கு முன்பு பழையதை நகலெடுக்க வேண்டும். சத்தம் வரும் டிஸ்க்கை 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று திரும்பத் திரும்ப ஆன் செய்வதுதான் பெரிய கேடு. உள்ளே ஹெட் தட்டில் உரசினால் ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். சாதாரணக் கடையில் டிஸ்க்கின் மூடியைத் திறக்கவும் விடாதீர்கள். தகவல் முக்கியமென்றால், தூசி புகாத அறை வைத்திருக்கும் டேட்டா ரெக்கவரி நிறுவனத்திடம், எழுத்தில் கட்டணம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

புது டிஸ்க் விஷயத்தில் கொள்ளளவு முக்கியம். 2002க்கு முந்தைய மதர்போர்டுகள் பலவற்றின் பயாஸ் 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. சர்வீஸ் பேக் போடாத எக்ஸ்பியும் அப்படித்தான். அதில் 500 ஜிபி டிஸ்க்கை மாட்டினால், எல்லை தாண்டி எழுதும்போது இருக்கும் கோப்புகள் அழியக்கூடும். பழைய ஐடிஇ பட்டை கேபிளில் மாட்ட உதவும் கன்வெர்ட்டரோடு 120 ஜிபி எஸ்எஸ்டி போடுவது என் பார்வையில் பாதுகாப்பான வழி. பட்டை கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. கேபிளின் ஓரக் கோடு முதல் பின்னைக் காட்டும். டிஸ்க்கின் பின்னால் உள்ள ஜம்பர் தப்பான இடத்தில் இருந்தாலே பயாஸ் டிஸ்க்கைக் கண்டுகொள்ளாமல் போகலாம். அதைப் பார்க்காமல் 'டிஸ்க் போச்சு' என்ற தீர்ப்பை ஏற்காதீர்கள்.

எஸ்எஸ்டி வேண்டாம் என்று பழைய ஐடிஇ டிஸ்க்கையே கேட்டு வாங்குகிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அவை இப்போது தயாரிக்கப்படுவதில்லை. 'புதுசு' என்று தருவது கிடப்பிலிருந்த பழைய சரக்காகவோ, யாரோ ஓட்டிக் கழற்றியதாகவோ இருக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' வரியைக் கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். அதில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியதாகக் காட்டினால் அது புதிது அல்ல.

பழையதைப் புதிதென்று விற்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராததும், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக இன்னொருவரிடம் வெளியிடுவதும் அதே வகையில் சேரும். 'தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை' என்று யாராவது சொன்னால், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியதற்கு விலக்கு இருப்பதைச் சொல்லுங்கள்.

முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் பயன்படும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கசிந்த தகவலை வைத்து யாராவது பணத்தைச் சுருட்டினால், தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

திரும்பி வந்த டிஸ்க் ஓடுமானால், முழுவதையும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளை ஒருமுறை ஓட்டுங்கள். ஓடாவிட்டால் உள்தட்டுகளில் துளை போட்டுவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட வேண்டாம்.