அறியாது உண்ட ஒரு கவளம்

திருவிழாத் திருப்பலி முடிந்து உறவினர் இல்லத்தில் காலையுணவுக்கு அமர்ந்தோம். கோதுமை, மைதா, ரவை கலந்த எதையும் எங்கள் மகளுக்கு இடலாகாது என்பதை அத்தை நன்கு அறிவார். ஆகவே அவளுக்கென்றே பச்சரிசி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து வைத்திருந்தார். குழந்தை மகிழ்ந்து உண்டாள். மாலைக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விட்டாள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் அவளை மூன்று நாள் படுக்கையில் கிடத்தின.

அரிசியில் கோதுமை எங்ஙனம் வந்தது? விசாரித்தபோது விடை கிடைத்தது. மாவு மில்லில் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துச் சென்றிருக்கிறார். அதே எந்திரத்தில், அடுத்தபடியாக அத்தையின் அரிசி விழுந்திருக்கிறது. அதைக் கேட்டு அத்தை அழுதார். எங்களுக்கோ வேறொரு நினைவு வந்து நெஞ்சைச் சுட்டது. நாங்களும் புட்டுமாவை அதே மில்லில்தான் அரைத்து வந்தோம்! இரத்தப் பரிசோதனையில் நோயின் அளவு ஏன் இறங்கவில்லை என்று மருத்துவர் கேட்ட போதெல்லாம், “நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை” என்று சாதித்தவர்கள் நாங்கள்.

நோயின் இயல்பு

இந்நோய்க்குச் சீலியாக் என்று பெயர். கோதுமை, வாற்கோதுமை, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. பிசைந்த மாவுக்கு இழுவை தருவது அதுவே. இந்நோயாளர் அதை உண்டால், உடலின் காவற்படையே தன் சிறுகுடலைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடல் விரல்கள் தேய்ந்து போகின்றன. சோகை, எடைக்குறைவு, வளர்ச்சிக்குறைவு ஆகியவை தொடர்கின்றன. வட இந்தியாவில் மிகுதியாகவும் தென்னாட்டில் அரிதாகவும் காணப்படுவதால், நம் ஊர்களில் இதை இனங்காணத் தாமதமாவதுண்டு.

காரணம் கோதுமையே என்று நிறுவியவர் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில், போரின் கொடுமையால் ஹாலந்தில் ரொட்டி கிடைக்காமற் போயிற்று. ஊரே பசியால் வாடிய அக்காலத்திலும் இந்நோயுற்ற குழந்தைகள் மோசமடையவில்லை. ரொட்டி திரும்பியபோது நோயும் திரும்பியது. போருக்கு முன்பே தாம் கொண்டிருந்த ஐயத்தை அவர் மேலும் ஆராய்ந்து, 1950-இல் தம் ஆய்வேட்டில் வெளியிட்டார். இன்றளவும் இதற்கு மருந்து, வாழ்நாள் முழுதும் குளூட்டனை விலக்குவதேயாகும்.

மறைந்திருக்கும் வாயில்கள்

பரோட்டாவையும் சப்பாத்தியையும் விலக்குவது எளிது. கண்ணுக்குத் தெரியாமல் நுழைவதே இடர். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்க்கப்படுகிறது. மால்ட் கலந்த சத்துப் பானங்களில் வாற்கோதுமை உண்டு. சோயா சாஸிலும் பொதுவாகக் கோதுமை உண்டு. ரவாதோசை வார்த்த கல்லில் வார்த்த அரிசித் தோசை, பூரி பொரித்த எண்ணெயில் பொரித்த வடை, சேமியாப் பாயசத்தில் இட்ட கரண்டி ஆகிய யாவும் வாயில்களே. கிறிஸ்மஸ் நாளில் கலகலாவும் கேக்கும் வைத்த தட்டில் முறுக்கையும் அடுக்குகிறோம் அன்றோ?

ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால், அதைக் ‘குளூட்டன் அற்றது’ என்று விற்கலாகாது என்பது பன்னாட்டு விதி. நம் நாட்டின் விதியும் அதுவே. “ஒரு நாள் ஒரு துண்டு கேக் தின்றால் என்ன?” என்று அன்பு மிகுதியால் வற்புறுத்துவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தவறு நேர்ந்தபின்

உள்ளே சென்ற குளூட்டனை முறிக்கும் மருந்து இல்லை. வாந்தி எடுக்க வைப்பதும் பட்டினி போடுவதும் வேண்டா. உப்பு-சர்க்கரைக் கரைசல், இளநீர், அரிசிக் கஞ்சி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்து ஓய்வளிக்க வேண்டும். பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுவர். நீர் வற்றிச் சோர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, தொல்லை நீடித்தாலோ மருத்துவரை நாடுக. முகம் வீங்கி மூச்சுத் திணறினால் அது ஒவ்வாமை. நொடியும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அடுத்து, உண்டவை அனைத்தையும் அன்றே எழுதி வையுங்கள். வாயில் எதுவெனக் கண்டு அடையுங்கள். நாங்கள் இப்போது அரிசியை ஊறவைத்து உலர்த்தி வீட்டு மிக்ஸியிலேயே பொடிக்கிறோம். தோசைக்கல்லும் கரண்டியும் தனி. அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியது.

“இன்று கெட்டுவிட்டதே, இனி என்ன?” என்று பத்தியத்தை முற்றும் கைவிடுவது ஒரு பிழை. யார் குற்றம் என்று வீட்டில் வழக்காடுவது மற்றொரு பிழை. எங்கள் மகள் மறுவாரம் அத்தையிடம் சென்று, “நீங்கள் எனக்காகச் செய்தீர்களே!” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எங்களையும் தேற்றியது அச்சொல்லே.

ஆண்டவரின் பந்தியில்

நற்கருணை அப்பம் தூய கோதுமையால் ஆனதாயிருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (924). குளூட்டன் முற்றிலும் அற்ற அப்பம் செல்லாது. ஆயினும் குளூட்டன் மிகக் குறைந்த கோதுமை அப்பம் செல்லும் என்று 2003-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவுறுத்தியது. 2017-இல் உரோமைச் சுற்றுமடல் அதனை மீண்டும் நினைவூட்டியது. அதற்கும் இயலாதோர் திருஇரத்தத்தை மட்டும் உட்கொள்ளலாம். எவ்வடிவிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது நம் விசுவாசம்.

இங்கும் கவனம் தேவை. அப்பத்தைப் பிட்கும்போது குருவானவர் ஒரு துணுக்கைக் கிண்ணத்தில் இடுகிறார். ஆகையால் இவர்களுக்கெனத் தனிக்கிண்ணம் வேண்டும். குறைந்த குளூட்டன் அப்பமும் தனிப் பேழையில் இருத்தல் வேண்டும். திருப்பலிக்கு முன்பே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டா. எங்கள் பங்குத்தந்தை, மகளின் புதுநன்மை நாளில் ஒரு சிறு கிண்ணத்தைத் தனியே வைத்திருந்தார்.

உங்கள் இல்லத்து விருந்திலும் ஒருவர், “இதில் என்ன சேர்த்தீர்கள்?” என்று கேட்கக்கூடும். அதைக் குறையாகக் கொள்ளாதீர்கள். டப்பாவை எடுத்துக் காட்டுங்கள். அத்தை இன்று அதைத்தான் செய்கிறார். எங்கள் மகளும் அச்சமின்றி அவர் வீட்டில் உண்கிறாள்.